கூத்தை எச்டிஆரில் எடுக்கப் போகும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

செய்யாறு பக்கத்தில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை உன் ஐபோனில் எச்டிஆராக, அதாவது மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒருசேரக் காட்டும் காணொளி முறையில், எடுத்து யூடியூபில் ஏற்றப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல தேர்வுதான். துரியோதனனின் கிரீடத்திலும் புஜக்கீர்த்தியிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியில் தகதகக்கும். பாய் விரித்து அமர்ந்திருக்கும் கூட்டமோ இருட்டில் இருக்கும். இரண்டையும் ஒரே காட்சியில் காட்ட, உச்ச ஒளி 100 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்று வைத்து வகுத்த சாதாரணக் காணொளியில் இடம் போதாது.

எச்டிஆரில் ஒளியோடு நிறத்தின் படிகளும் கூடுகின்றன. சாதாரண 8 பிட் காணொளியில் ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 256 படிகள் என்றால், எச்டிஆரின் 10 பிட்டில் 1024. படிகள் குறைந்தால், விளக்கைச் சுற்றி மெல்ல மங்கிச் செல்லும் ஒளி வளையம் வளையமாகப் பிரிந்து தெரியும். எடிட்டிங் மேசையிலேயே காலம் கழித்த எனக்கு அதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

எடுக்கும்போது சில்லுகளின் மினுக்கத்தைப் பார்த்தே ஒளியளவை முடிவு செய். திரையில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழு. நிழலில் கிடப்பதைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன சில்லில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்குகள் துடிப்பது பதிவில் தெரிந்தால், அமைப்புகளில் பிஏஎல் (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான காணொளி முறை) வடிவங்களை இயக்கி, நொடிக்கு 25 பிரேம் வைத்துப் பார்.

கேமராவில் கிடைத்ததைக் கெடாமல் கடைசிவரை கொண்டுசேர்ப்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கணினியில் இறக்காதே; கேபிள் வழியாக, மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளும் தெரிவுடன் மாற்று. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல் இக்கைப்பேசிகள் எடுக்கும் டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை, பிபிசியும் ஜப்பானின் என்எச்கேயும் சேர்ந்து உருவாக்கிய எச்எல்ஜி முறையை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் உன் டைம்லைனும் வெளியீடும் எச்டிஆருக்கான தரமான ரெக். 2100 எச்எல்ஜியாகவே இருக்கட்டும், எச்.265 என்ற சுருக்க முறை, 10 பிட் என்று எக்ஸ்போர்ட் செய். படம் எச்எல்ஜியாக இருந்தும் கோப்பில் சாதாரணக் காணொளிக்கான ரெக். 709 என்ற முத்திரை விழுந்துவிட்டால், பார்ப்பவர் திரையில் எல்லாம் சோகை பிடித்ததுபோல வெளிறிக் கிடக்கும். பாவம், பழி கைப்பேசியின் மேல் விழும்.

30 பிரேம் வரையிலான 4கே எச்டிஆர் காணொளிக்கு நொடிக்கு 44 முதல் 56 மெகாபிட் வரை யூடியூப் பரிந்துரைக்கிறது. 50 என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 375 எம்பி ஆகும் என்பதால், இணைய இணைப்பைப் பார்த்து நேரம் ஒதுக்கிக்கொள். ஏற்றி முடித்தவுடன் எச்டிஆர் குறி தெரியவில்லையே என்று பதறி அழித்துவிடாதே; அதைத் தயாரிக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

எச்டிஆர் காட்டாத திரைகளுக்கு அவர்களே ஒரு சாதாரணப் பிரதியை உருவாக்கிக்கொள்வார்கள். கூத்து பார்க்கும் நம் ஊர்க்காரர்களில் பலர் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்பதால், பொதுவில் விடுவதற்கு முன் விலை குறைந்த ஏதாவது ஒரு கைப்பேசியில் ஓட்டி, வேடம் போட்டவர்களின் முகச்சிவப்பு திட்டாக அப்பிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்த்துவிடு. கூத்துக் குழுவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, ரிசால்விலேயே நிறம் சரிசெய்த எஸ்டிஆர் (சாதாரணக் காணொளி) பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வை.

அன்புடன்,
அம்மா