பயிற்சி தொடங்குமுன்னரே பிழையைப் பிடியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு பற்றி நாளிதழ்களில் வருபவை பெரும்பாலும் மாதிரிகளின் திறமையைத்தான் பேசுகின்றன. இயந்திரக் கற்றலுக்கான பைதன் மொழி நிரல் நூலகங்களைத் தாங்களே எழுத முனையும் திருகோணமலை இளையோருக்கு அதைவிட அவசரமானது வேறொன்று: மாதிரியின் பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்று பயனர் தரும் மதிப்புகளை, அதாவது பராமீட்டர்களை, எப்படி வாங்குவது என்பது.

கற்றல் வீதம் (ஒவ்வொரு அடியிலும் மாதிரி எவ்வளவு மாறலாம் என்பது), சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும், பெயருக்கொரு மதிப்பாக வைக்கும் ஒரு டிக்‌ஷனரியில் வாங்கி, அதில் இல்லாத பெயருக்கு (சாவிக்கு) இயல்பு மதிப்பை எடுக்கவிடுவது வழக்கமாகிவிட்டது. சாவியின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் நிரல் வாய் திறக்காது. கற்றல் வீதம் 0.1 கொடுத்ததாக நினைத்தவருக்கு 0.001 இல் இரவு முழுக்கப் பயிற்சி நடக்கும். ஜிபியுவை (பயிற்சிக்கான வேகமான கணிப்புச் சில்லு) டொலர் கொடுத்து மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவருக்குக் காசும் போச்சு.

பைதன் 3.7 இல் வந்த டேட்டாகிளாஸ் (புலங்களின் பெயரையும் வகையையும் முன்பே அறிவிக்கும் வகுப்பு) இதற்கு நல்ல தொடக்கம். அறியாத பெயரை அது உடனே மறுக்கும். ஆனால் அதில் எழுதும் வகைக் குறிப்புகளை, நிரல் ஓடும்போது பைதன் சோதிப்பதில்லை. நிறைவெண் கேட்ட இடத்தில் சரம் (எழுத்துத் தொடர்) வந்தாலும் வாங்கிக்கொள்ளும். மைபை, பைரைட் போன்ற கருவிகள் நிரலைப் படித்துப் பிழை சொல்லும், கோப்பிலிருந்து வரும் மதிப்பை அவை காண்பதில்லை. ஆகவே பொருள் உருவாகும் கணத்திலேயே சோதனை நடக்க வேண்டும். மதிப்புகளைச் சோதிக்கும் பைடான்டிக் நூலகத்தைப் பயன்படுத்துவோர், வகையை மாற்றாமல் மறுக்கும் கண்டிப்பு முறையை இயக்கி, கூடுதல் சாவிகளையும் தடைசெய்யுங்கள். இயல்பாக அது அவற்றைப் பேசாமல் விட்டுவிடும்.

சோதனை எழுதுவதிலும் பொறிகள் உண்டு. பைதனில் பூலியன் (ட்ரூ/ஃபால்ஸ், அதாவது உண்மை/பொய்), நிறைவெண்ணின் துணை வகுப்பு. சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ‘ட்ரூ’ கொடுத்தால் அது 1 ஆகி, ஒரே சுற்றோடு பயிற்சி முடிந்துவிடும்; பூலியனை முதலில் விலக்குங்கள். ‘பூச்சியமோ அதற்குக் குறைவோ என்றால் மறு’ என்று எழுதினால் ‘நான்’ (NaN) எனும் எண்ணல்லாத மதிப்பு நழுவிவிடும், அதனுடன் செய்யும் பெரிது-சிறிது ஒப்பீடு பொய்யாகவே முடியும் என்பதால். ‘பூச்சியத்திலும் பெரிதல்லவென்றால் மறு’ என்று திருப்பி எழுதினால் அது அகப்படும். யாமல் எனும் அமைப்புக் கோப்பில் 0.001 ஐ அடுக்குக்குறி முறையில் (1e-3), ஒன்றுக்குப் பின் தசமப் புள்ளியின்றி எழுதினால், கோப்பைப் படிக்கும் பையாமல் நூலகம் அதைச் சரமாகவே தரும். நோர்வேஜிய மொழியின் ஈரெழுத்துக் குறியீடான no என்பதை மேற்கோளின்றி எழுதினால் ‘ஃபால்ஸ்’ ஆகிவிடும்.

ஒரே பராமீட்டருக்கு இரு பொருள் கொடுக்காதீர்கள். சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் ரேண்டம் ஃபாரஸ்டில் (பல தீர்மான மரங்களைச் சேர்க்கும் முறை), மரத்தின் ஒவ்வொரு பிரிப்பிலும் பார்க்கும் பண்புகளின் உச்சத்துக்கு 1 என்றால் ஒரு பண்பு, தசம எண்ணாக 1.0 என்றால் (முழுப் பங்கு) எல்லாப் பண்புகளும். அவ்வளவு புகழ்பெற்ற நூலகத்திலும் இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. எண்ணிக்கைக்கு ஒரு பெயர், பங்குக்கு இன்னொரு பெயர் வைப்பதே நேர்மை. அலகும் அப்படித்தான். நமது ஒக்டோபர் - ஜனவரி மழையைக் கணிக்கும் நிரலில், எவ்வளவு காலத் தரவைப் பார்ப்பது என்பதற்கு ‘சாளரம் 7’ என்றால் நாளா, மணியா? வெறும் எண்ணுக்குப் பதில் கால அளவைக் குறிக்கும் டைம்டெல்டாவைக் கேளுங்கள்.

மாதிரியின் எடைகளைத் திருத்தும் முறைகளில் ஆடத்துக்கு (Adam) இரண்டு பீட்டாக்கள், எஸ்ஜிடிக்கு (SGD) மொமென்டம் என்று பராமீட்டர்கள் வேறுபடும். இரண்டையும் ஒரே வகுப்பில் அடைத்து, பாதியை வெறுமையாக விடாமல், தனித்தனி வகுப்பாக்குங்கள். பொருந்தாத சேர்க்கையை எழுதவே முடியாமற்போகும்.

பிழைச் செய்தியில் பராமீட்டரின் பெயர், வந்த மதிப்பு, அதன் வகை, ஏற்கும் எல்லை நான்கும் இருக்கட்டும். ‘தவறான மதிப்பு’ என்று மட்டும் சொல்லும் செய்தியால் யாருக்கும் பயனில்லை.

இங்ஙனம்,
மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.