300ஆவது இதழில் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

இந்த மாதம் நம் பத்திரிகையின் 300ஆவது இதழ். பெரியவர்களிடம் வாழ்த்துரை வாங்கிச் சிறப்பு மலர் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வாழ்த்துரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பத்திரிகையைப் படிப்பதில்லை, பத்திரிகை படிக்கிறவர்கள் வாழ்த்துரையைப் படிப்பதில்லை. அதனால் அந்தப் பக்கத்தை நன்றி சொல்ல நானே எடுத்துக்கொண்டேன்.

இதைத் தொடங்கியபோது வாலிபர் கூட்டத்தில் நாங்கள் நான்கு பேர். சபை அலுவலகத்தின் மூலையில் கிடந்த சைக்ளோஸ்டைல் என்ற நகலெடுக்கும் மெஷினைச் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டோம். "மையைக் கொட்டாமல் இருந்தால் சரி" என்று கொடுத்தார். முதல் வாரமே கொட்டினோம். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு பழைய துணியை மட்டும் கொடுத்தனுப்பினார். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று அந்த இரண்டு பக்கக் கைப்பிரதியைக் கொடுப்போம். பாதியைப் பிள்ளைகள் விமானமாக்கிப் பறக்கவிட்டார்கள். ஐயா, அந்த மெஷினுக்கும் அந்தத் துணிக்கும் நன்றி.

அப்புறம், காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மெஷின் இருந்த அச்சகம். அங்கே அச்சுக் கோத்த அண்ணாச்சி கிறிஸ்தவர் அல்லர். ஆனால் வேத வசனம் எங்களைவிட அவருக்கு நன்றாக மனப்பாடம். கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறிய ஈய எழுத்துகளில் படித்தே பழகியவர். "தம்பி, போன மாசம் இதே வசனத்தை வேற மாதிரி எழுதியிருந்தீங்களே?" என்பார். எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பதை நான் கற்றது அந்த அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்துதான். காகிதக்கடைக்குப் பாக்கி வைத்திருந்த மாதங்களில் "முதல்ல புத்தகம் போகட்டும்" என்று அச்சடித்துக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. ஆஃப்செட்டுக்கு மாறிய அவருடைய மகன்தான் இன்றும் நமக்கு அடித்துத் தருகிறார்.

தமிழில் இந்த அச்சு ஊழியம் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் நடந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற கிறிஸ்தவ நூல் வெறும் 16 பக்கம்தான். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அவருக்கு மொழிபெயர்த்து உதவிய அழகப்பனைப் பற்றி நம் சபைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது, கூடவே வந்த அச்சர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை. அவற்றை வைத்து அடித்தால் இருக்கிற காகிதம் புதிய ஏற்பாட்டுக்குப் போதாது. பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத்தகட்டை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது. காகித விலை ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த ஈயத்தகடு ஞாபகத்துக்கு வரும். பக்கத்தைக் குறைக்கலாமா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எழுத்தை அரைப் புள்ளி சிறிதாக்கிவிடுவேன். கண் வலிக்கிறது என்று எழுதிய மூத்த வாசகர்களிடம் இந்த இடத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, முகவரி ஒட்ட உட்காரும் அக்காமாருக்கு நன்றி. கம்ப்யூட்டர் பட்டியல் வந்த பிறகும் அவர்களிடம்தான் கேட்கிறோம். "இந்த அம்மா மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க, பழைய விலாசத்துக்கு அனுப்பாதீங்க" என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்வதில்லை. கன்வென்ஷன் கூட்டங்களில் மழையில் நனையாமல் புத்தக மேசையைத் தார்ப்பாயோடு தூக்கி ஓடிய தம்பிமாருக்கும் நன்றி. பார்வையற்றவர்களுக்காக ஒவ்வொரு இதழையும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் ஓய்வுபெற்ற டீச்சருக்கு நன்றி. பின்னணியில் அவர் வீட்டுக் கிளியின் குரலும் கேட்கும், அதை வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டவர்களே அநேகர். சிறைச்சாலையிலிருந்து, ஒரே பிரதியைப் பதினோரு பேர் படித்ததாகக் கடிதம் எழுதிய சகோதரருக்கும் நன்றி. அந்த மாதம் பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்றிருந்தேன்.

இனி, பிழை திருத்தியவர்கள். ஒரு முறை யோவான் 3:16 என்பது 3:61 என்று அச்சாகிவிட்டது. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் தப்பிப்போனது. பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது: "ஆசிரியர் ஐயா, என்னிடம் உள்ள வேதாகமத்தில் அந்த அதிகாரத்துக்கு 36 வசனங்கள்தான் இருக்கின்றன. மிச்சம் 25 வசனங்கள் உங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்கவும்."

அன்றிலிருந்து மாதந்தோறும் அவருடைய அட்டை வரும். சாய்ந்த கையெழுத்தில், பக்க எண், வரி எண்ணோடு இருக்கும். பாராட்டி ஒரு சொல் எழுதியதில்லை. பிழையே இல்லாத மாதத்தில், பக்க எண் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து அனுப்புவார். அப்படி வந்த நான்கு அட்டைகளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளாக அட்டை வரவில்லை. அனுப்பும் இதழும் திரும்பி வரவில்லை. ஐயா, சுகமாக இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அவர் சார்பில் ஒரு வரி போடுங்கள். இந்த இதழிலும் எங்கேயோ ஒரு பிழை இருக்கத்தான் செய்யும்.

அன்புடன்,
ஆசிரியர்