மைலோமா நோயாளிகள், குடும்பத்தினர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வந்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நின்றுகொண்டு படித்தால் பாதி அறிக்கையிலேயே என் முதுகு ஆட்சேபம் தெரிவித்துவிடும் என்பதால் உட்கார்ந்தே படிக்கிறேன். உங்களுக்கு உட்கார முடியவில்லை என்றால் எழுந்து நடமாடுங்கள். இந்தச் சங்கத்தில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு முதலில் நம் அஞ்சலி. அவர்களுடைய குடும்பத்தாரில் சிலர் இன்றும் வந்திருக்கிறார்கள், நம் வேலைகளில் பங்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை எலும்புக்கே ஒதுக்கினோம். மைலோமா எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ரத்தப் புற்றுநோய் என்பதால், அதுவரை நம் பேச்செல்லாம் நோயின் அளவைக் காட்டும் எம் புரதம், கீமோ, ஸ்டெம் செல் மாற்று என்று ரத்தத்தைச் சுற்றியே இருந்தது. ஆனால் சங்கத்தின் தொலைபேசிக்கு வரும் கேள்வி வேறு. “புரதம் இறங்கிவிட்டது, டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார், பிறகு ஏன் எனக்கு இடுப்பு இப்படி வலிக்கிறது?” இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ரத்தவியல் மருத்துவர் ஒருவர் வந்து இதற்குப் பதில் சொன்னார். நம் எலும்பில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. மஜ்ஜையில் பெருகும் மைலோமா செல்கள் கரைப்பவற்றைத் தூண்டிவிட்டு, கட்டுபவற்றை முடக்கிவிடுகின்றன. இடிக்கிற ஆளுக்கு இரட்டைக் கூலி, கொத்தனாருக்கு விடுமுறை என்றார் அவர். அதனால்தான் நோய் கண்டுபிடிக்கும்போதே ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எலும்பு பாதிப்பு இருக்கிறது. சிகிச்சையில் நோய் அடங்கினாலும் விழுந்த ஓட்டைகள் பல அப்படியே நின்றுவிடும். ஸ்கேனில் பழைய ஓட்டை தெரிவதாலேயே நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஒரு விளக்கத்தைக் கேட்ட பிறகு நிம்மதியாகத் தூங்கினோம் என்று சொன்னவர்கள் பலர்.

ஸ்கேன் பற்றிய கேள்விகளும் வந்தன. எலும்பின் தாதுவில் குறைந்தது 30 சதவீதமாவது போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். ‘எக்ஸ்ரே நார்மல், வயசுக் கோளாறு’ என்று மாதக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். உடல் முழுவதற்குமான குறைந்த கதிர்வீச்சு சி.டி., பெட் சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவை இந்நோய்க்கு ஏன் கேட்கப்படுகின்றன என்பது இப்போது நம் உறுப்பினர்களுக்குத் தெரியும்.

நம் செய்திமடலில் வந்த லண்டன்காரர் கதையைப் பலர் பாராட்டினார்கள். நம் நோயே கண்டிருந்த தாமஸ் மக்பீன் 1844இல் விடுமுறைக்குப் போன இடத்தில், நிலத்தடிக் குகை ஒன்றிலிருந்து எம்பி ஏறும்போது மார்புக்குள் ஏதோ முறிந்ததுபோல் உணர்ந்தார். வலிக்கு அப்போது பிளாஸ்திரி ஒட்டினார்கள். அவருடைய சிறுநீரை ஆராய்ந்த மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸின் பெயரில்தான் நம் ரிப்போர்ட்டில் இன்றும் வரும் ‘பென்ஸ் ஜோன்ஸ் புரதம்’ இருக்கிறது. மக்பீன் 1846 ஜனவரி 1 அன்று இறந்தார். குகை வரை போக வேண்டாம். இந்த ஆண்டு நாம் கேள்விப்பட்ட முறிவுகள் தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போதும், பேரக்குழந்தையைக் குனிந்து எடுக்கும்போதும், படுக்கையில் சட்டென்று புரளும்போதும் நடந்தவை. அவற்றில் பெரும்பாலானவை ‘ரிப்போர்ட் நல்லா இருக்கு’ என்ற தெம்பில் நடந்தவை என்பதைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் நடத்திய வகுப்புதான் என் கணிப்பில் ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி. எழுந்திருக்கும்போது உடம்பைத் திருகாமல் முழுதாக ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவதை எல்லோரையும் மேடையில் செய்யவைத்தார். நடக்காமல் படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும், எனவே நடை வேண்டும், பளு வேண்டாம் என்பது அவர் வாதம். வலிக்கிற முதுகை வீட்டில் அழுத்தி நீவிவிடுவது சரியா என்று அன்று ஒரு வாக்குவாதமே நடந்தது. ஓட்டை விழுந்த முதுகெலும்பை அழுத்தக் கூடாது என்று அவர் சொன்னது சிலருக்கு உவப்பாக இல்லை. நானும் அவர் பக்கம்தான்.

மருந்துகளுக்கு வருகிறேன். ‘எலும்பு ஊசி’ என்று நாம் சொல்லும் ஸோலெட்ரோனிக் ஆசிட் எலும்பு கரைவதைத் தடுக்கிறது. வழக்கமாக 4 மி.கி.; சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள். சிறுநீரகத்தை நம்பியிராத இன்னொரு எலும்பு ஊசியான டெனோசுமாப் தோலுக்கு அடியில் போடுவது. அதைத் திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு முறிவு வரக்கூடும் என்பதால் தேதி தவறக் கூடாது. இரண்டிலுமே தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிடுவது நல்லது.

இதற்காக ஒரு அட்டை அச்சடித்தோம். முன்பக்கம், ‘நான் எலும்பு ஊசி போட்டுக்கொள்பவர், பல் பிடுங்கும் முன் என் ரத்தவியல் மருத்துவரிடம் பேசவும்’. பின்பக்கம், ‘டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் தர வேண்டாம்’. இந்த வலி மாத்திரைகள் நம் சிறுநீரகத்துக்கு எதிரி. பர்ஸில் வைக்கும் அளவு சரியாக இருக்கிறது. எழுத்துதான் பொடியாகிவிட்டது என்ற புகார் நியாயமானது. அடுத்த பதிப்பில் பெரிதாக்குவோம். உறவினர் சொன்னார்கள் என்று கால்சியம் மாத்திரையை நீங்களாகவே தொடங்காதீர்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது கரையும் எலும்பிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. உறுப்பினர் ஒருவரின் மனைவி ஒருநாள் மாலை போன் செய்து, “அவருக்குக் கால் கனக்கிறது, தரை காலில் படுவதே தெரியவில்லை என்கிறார், காலையில் பார்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். அன்று பொறுப்பில் இருந்த தோழி, இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். தண்டுவடம் நசுங்கியிருந்தது. ஸ்டீராய்டும் ரேடியேஷனும் உடனே கிடைத்ததால் அவர் இன்று வாக்கருடன் நடக்கிறார். கால் பலவீனம், மரத்துப்போதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல்: இம்மூன்றுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சரி, நிர்வாகம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் கொடுக்கும் பொருள்களில் கமோடு நாற்காலிகள் ஒழுங்காகத் திரும்பி வருகின்றன, முதுகு பெல்ட்டுகள் வருவதில்லை. பெல்ட் ஆளுக்கு ஆள் அளவு மாறும், எலும்பு மருத்துவர் சொல்லாமல் கட்டவும் கூடாது என்பதால் இனி அதை இரவல் தருவதில்லை என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. வாக்கர்கள் தொடரும்.

வரும் ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகள். வலி நிவாரண மருத்துவரை அழைத்து மார்ஃபின் பற்றிய பயத்தைப் பேசித் தீர்ப்பது. வீட்டில் தூக்குவது, குளிப்பாட்டுவது குறித்துப் பராமரிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு. தொலைபேசிப் பொறுப்புக்கு மேலும் சிலர். கடைசியானதற்குப் பெயர் கொடுக்க விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும். இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்