பைபர் படகின் அடியில் தார் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடைக்காற்றுக்குப் பயந்து திருக்கடலூர், சல்லி, நிலாவெளிக் கரைகளில் படகுகளைக் கவிழ்த்து வைக்கும் காலம் இது. பழைய தாரை ஊதுவிளக்கால் கொளுத்தி வழித்துவிட்டு மேலே புதுத்தார் பூசுவதும் இந்த நாட்களில்தான். இரண்டுமே பைபர் படகுக்கு ஆகாது. மரவள்ளத்துக்குத் தார் வேண்டும். புழு அரிக்கும், பலகைப் பொருத்துகளால் தண்ணீர் கசியும். பைபரைப் புழு தொடாது, கசியப் பொருத்தும் இல்லை. அங்கே தார் வெடிப்பை மறைக்கும், உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

பைபர் என்பது கண்ணாடி நார்ப் பாய்களைப் பொலியெஸ்டர் ரெசின் என்ற பிசினில் தோய்த்துப் படைபடையாக ஒட்டியது. அந்த ரெசின் 70 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். ஊதுவிளக்கின் சுவாலையோ ஆயிரத்தைத் தாண்டும். தார் உருகி வழிவது கண்ணுக்குத் தெரியும். அதற்கடியில் ஜெல்கோட் என்ற வழுவழுப்பான வெளிப்பூச்சு கொப்புளிப்பதும் பாய்ப் படைகள் கழன்றுகொள்வதும் தெரியாது. கிரைண்டரும் ஆகாது, ஜெல்கோட்டை அராவிவிடும். ஜெல்கோட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றர், ஏறத்தாழ ஒரு விரல் நகம். இரும்புக்கென்று விற்கும் பெயின்ற் நீக்கி ரெசினையும் சேர்த்தே தின்றுவிடும்.

தாரைக் குளிரவைத்துத்தான் கழற்ற வேண்டும். மீன்வாடியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உடைத்த ஐஸைப் பொலித்தீன் பையில் கட்டி, தடித்த தார் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தார் கண்ணாடிபோல் இறுகிவிடும். மூலைகளை அராவி மழுக்கிய சுரண்டியைப் படுக்கையாகத் தள்ளினால் சில்லுச் சில்லாகக் கழரும். வெயில் ஏறுமுன் செய்தால் பாதி ஐஸ் போதும். மிஞ்சும் படலத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால், ஒரு சதுர அடி ஒரு தடவையாக, துணியை மாற்றி மாற்றித் துடைக்கலாம். நார் வெளியே தெரியும் இடங்களில் மண்ணெண்ணெய் வேண்டாம்; நார் அதை உறிஞ்சிக்கொண்டால் பிறகு ரெசின் ஒட்டாது. பின் சவர்க்காரம், நல்ல தண்ணீர், கடைசியாக அசிட்டோன். வெள்ளைத் துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை அரத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். தார் இருக்கத் தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கி, மேலே பூசும் எதையும் பழுப்பாக்கும்.

அதன்பின் 120ஆம் இலக்க அரத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். பாசி பிடிக்காமலிருக்கச் செம்பு கலந்த பெயின்ற் அடித்த படகென்றால் உலரத் தேய்க்கவே கூடாது, தூசு நஞ்சு. கீழே தரப்பாள் விரித்து, கழிவைக் கடலுக்குள் விடாமல் அள்ள வேண்டும். ஒரு நாணயத்தால் அடியெங்கும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்றால் நல்லது, 'தொப்' என்றால் அங்கே படை கழன்றிருக்கிறது. கொப்புளத்தைக் குத்தினால் வினாகிரி மணம் வருவது தண்ணீர் ரெசினுக்குள் போனதன் அடையாளம். அதைத் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, கிழமைக்கணக்கில் காயவிட வேண்டும்.

காய்ந்ததா என்று அறிய ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம். மார்கழியில் சுரண்டலாம், ரெசின் வேலை மாசி வெயிலுக்குப் பிறகு. பலரின் ஒட்டு ஒரே வருடத்தில் கழருவது இந்த அவசரத்தால்தான்.

ஒட்டுப் போடும் இடத்தில் தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சுற்றிவர 7 சென்ரிமீற்றர். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள நார்ப் பாய் அதே பரப்புக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் குடிக்கும். இங்கத்தைய சூட்டில் ரெசினை இறுகவைக்கும் கற்றலிஸ்ற் திரவம் கிலோவுக்கு 10 மில்லிலீற்றர் போதும். அதைவிடக் குறைந்தால் ரெசின் ஒருபோதும் முற்றாக இறுகாது. 20ஐத் தாண்டினால் மிதமிஞ்சிச் சூடாகி வெடிப்பு விழும். முடிவில் பூசும் ஜெல்கோட் சதுர மீற்றருக்கு 600 கிராம். மெழுகுக் கரைசல் கலந்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்தபடியே கிடக்கும். தினமும் மணலில் இழுத்தேற்றும் படகுக்கு இதுவே போதும். தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுக்கு மட்டும் எப்பொக்சி அடிப்பூச்சும் பாசித்தடுப்பு பெயின்றும் தேவை.

ரெசின் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கற்றலிஸ்ற் தண்ணீர்போல் நிறமற்றது. கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போகலாம். உடனே கால் மணி நேரமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசின் விரைவாக இறுகக் கலக்கும் கோபால்ட் கரைசலுடன் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும். இதைப் பழைய சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுக்காமல், பெயரும் அளவும் இந்த எச்சரிக்கையும் தமிழில் ஒட்டிக் கொடுங்கள்.

படகுத் திருத்த வேலையாளர்கள்,
திருக்கடலூர், திருகோணமலை.