மழைத் தெய்வத்தின் வாயில் நெருப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாத இதழின் சிறுவர் பக்கத்தில் சீன டிராகனின் படம் போட்டிருந்தீர்கள். வாயிலிருந்து தீப்பிழம்பு பாய்கிறது. கீழே, "நெருப்பைக் கக்கும் இந்த அரக்கனைச் சீனர்கள் வணங்குகிறார்கள்" என்று ஒரு வரி. இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி எழுத்துக்கூட்டி அதைப் படித்துவிட்டு, "தாத்தா, அரக்கனை எதுக்குக் கும்பிடறாங்க?" என்று கேட்டாள். சிங்கப்பூரில் அவள் வகுப்பில் பாதிப்பேருக்கு மேல் சீனப் பிள்ளைகள். நாளைக்கே தன் தோழியிடம் இதைக் கேட்டுவிடுவாளே என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நெருப்பைக் கக்குவது ஐரோப்பியக் கதைகளில் வரும் மிருகம். அது புதையலைக் காத்துக்கொண்டு கிடக்கும், வீரன் வந்து கொல்லுவான். சீனர்களின் 'லோங்' அதற்கு எந்த வகையிலும் உறவில்லை. அது தண்ணீரைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தார்கள், நாமும் அப்படியே வாங்கிக்கொண்டோம். சீனர்களின் பழைய சமயமான தாவோ வழிபாட்டில் லோங்வாங், அதாவது டிராகன் அரசர், மழைக்கும் நீர்நிலைகளுக்கும் அதிபதி. நான்கு கடல்களுக்கு நான்கு அரசர்கள். கிழக்குக் கடலை ஆள்பவர் பெயர் ஆவ் குவாங். ஆறு, ஏரி, ஊற்று, கிணறு என்று சின்ன நீர்நிலைகளுக்கும் தனித்தனி டிராகன் உண்டு.

அந்தச் சனிக்கிழமை பேத்தியை தெலுக் ஆயர் தெருவில் உள்ள தியான் ஹோக் கெங் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 1839 தொடங்கி 1842-க்குள் ஹொக்கியன் சீனர்கள் கட்டியது. மூலவர் கடலன்னை மாசூ. அன்று கோயிலுக்கு எதிரே கடல்தான் இருந்தது, தூர்த்ததெல்லாம் பிற்பாடு. அதே தெருவில் சில அடி தூரத்தில் நாகூர் தர்கா இருக்கிறது. தென்னிந்திய முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை எழுப்பியது. கடல் தாண்டி உயிரோடு கரைசேர்ந்த இரண்டு கூட்டத்தார் பக்கத்துப் பக்கத்தில் நன்றி சொன்ன தெரு அது.

கோயில் முகட்டில் இரண்டு டிராகன்கள் எதிரெதிராக இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால், பீங்கானைத் துண்டு துண்டாக நறுக்கி ஒட்டிய செதில்கள் வெயிலில் மின்னுகின்றன. மீசை காற்றில் நெளிவதுபோல வளைந்திருக்கிறது. "தாத்தா, நடுவுல நெருப்பு இருக்கே!" என்றாள். அவள் சொன்னது சரிதான். பல கோயில்களிலும் இரண்டு டிராகன்களுக்கு நடுவே ஓர் உருண்டையும் அதைச் சுற்றித் தீ நாக்குகளும் இருக்கும். ஆனால் அது டிராகன் கக்கிய தீ இல்லை. அது முத்து. தீ நாக்குபோல் இருப்பது முத்திலிருந்து வீசும் ஒளி. உங்கள் ஓவியர் இதைப் பார்த்துத்தான் ஏமாந்திருப்பாரோ என்று தோன்றியது.

பெய்ஜிங் அரண்மனையின் பெரிய மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை முகட்டின் இரு முனைகளிலும் 'சீவென்' என்ற டிராகன் இன உருவம் முகட்டைக் கவ்வியபடி நிற்கிறது. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். மரக்கட்டடத்துக்குத் தீயைவிடப் பெரிய எதிரி கிடையாது. இந்த உருவம் நீரை வரவழைத்துத் தீயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை உச்சியில் வைத்தார்கள். நெருப்பைக் கக்கும் ஒன்றை யாராவது மரக்கூரை மேல் கொண்டுபோய் வைப்பார்களா?

வட சீனத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி கோடையில் இரண்டு மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். விதைக்கிற வசந்த காலத்தில் வானம் பொய்த்தால் அந்த வருடம் போச்சு. அதனால்தான் அவர்கள் சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் இரண்டாம் நாளை, டிராகன் தலை தூக்கும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பெண்கள் ஊசி எடுத்துத் தைப்பதில்லை, டிராகனின் கண்ணில் குத்திவிடுமாம். அந்தப் பருவத்தில் மாலை மங்கியதும் கிழக்கு அடிவானத்தில் ஒரு விண்மீன் எழும். சீனர்களுக்கு அது வானத்து நீல டிராகனின் கொம்பு. நமக்கு அது சித்திரை நட்சத்திரம்! டிராகனின் இதயம் என்று அவர்கள் சொல்வது நம் கேட்டை, வால் என்பது நம் மூலம். நம் பஞ்சாங்கத்தின் சித்திரை முதல் மூலம் வரை அந்த டிராகனின் உடம்பு நீண்டு கிடக்கிறது. இதைச் சொன்னபோது பேத்தியின் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அரக்கன் என்ற சொல் ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு கதை. 16ஆம் நூற்றாண்டில் அச்சேறிய, 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீனக் குரங்கரசன் நாவலில் வருகிறது. ஜிங் ஆற்று டிராகன் அரசர் ஒரு சோதிடரோடு மழை பற்றிப் பந்தயம் கட்டுகிறார். எந்த நேரத்தில் பெய்ய வேண்டும், எவ்வளவு பெய்ய வேண்டும் என்று விண்ணுலகை ஆளும் ஜேட் பேரரசரின் உத்தரவு வருகிறது: மூன்று அடி மூன்று அங்குலம், நாற்பத்தெட்டுத் துளி. சோதிடர் சொன்னதும் துல்லியமாக அதேதான். பந்தயத்தில் ஜெயிக்க வேண்டுமென்று டிராகன் நேரத்தை மாற்றி, மூன்று அங்குலமும் எட்டுத் துளியும் குறைத்துப் பெய்துவிடுகிறார். அதற்குத் தண்டனை மரணம். எட்டுத் துளிக்குக் கணக்குக் கேட்கிற உலகம் அது. டிராகன் அங்கே இஷ்டம்போல் ஆடும் பூதமில்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நீர் அதிகாரி.

மக்களும் அவரை அப்படித்தான் நடத்தினார்கள். ஹான் காலத்து அறிஞர் தோங் ஜோங்ஷு பெயரில் வழங்கும் நூலில் மழைச் சடங்கு விரிவாக இருக்கிறது. வசந்தத்தில் என்றால் எட்டு ஜாங், நம் கணக்கில் சுமார் 18 மீட்டர் நீளத்தில் நீல மண் டிராகன், அதைச் சுற்றிச் சின்னதாக ஏழு. மூன்று நாள் நோன்பிருந்த எட்டுச் சிறுவர்கள் நீல உடையில் ஆட வேண்டும். கோடையில் நிறம் சிவப்பாக மாறும், அளவும் மாறும். தாவோ பக்தரான சோங் பேரரசர் ஹுய்சோங், 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து நிற டிராகன்களுக்கும் அரசர் பட்டமே கொடுத்தார். அப்புறம், கும்பிட்டும் மழை வராவிட்டால்? ஊரார் சிலையைத் தூக்கி வெட்டவெளியில் வைத்து, எங்கள் வயல் காய்வதை நீயும் காய்ந்து பார் என்று விட்டுவிடுவார்கள். உரிமை உள்ள இடத்தில்தானே இப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்.

1867-ல் பெய்ஜிங் வறண்டபோது, நானூறு கிலோமீட்டர் தெற்கே ஹாந்தானில் உள்ள டிராகன் கோயில் கிணற்றின் இரும்புப் பட்டயத்தை அரசே தலைநகருக்கு வரவழைத்தது. இன்றும் ஷான்ஷி மாகாணத்து யூலின் பகுதியில், கறுப்பு டிராகன் பேரரசருக்குப் பெரிய கோயில் இருக்கிறது. மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியில் இடிக்கப்பட்டு, 1980களில் ஊரார் திரும்பக் கட்டியது. காணிக்கைப் பணத்தில் பள்ளி நடத்தினார்கள், மொட்டைக் குன்றுகளில் மரம் நட்டார்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் மழைக்கு வேண்டும் ஆண்கள் வெறுங்காலோடு, தலையில் வில்லோ இலை வளையம் சூடி, சாமிப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு காய்ந்த மலையெல்லாம் பாடி அலைவது வழக்கம்.

கடைசியாக ஒன்று. பௌத்த நூல்கள் சீனம் போனபோது 'நாகம்' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தேர்ந்தெடுத்த சொல் 'லோங்'. தாமரைச் சூத்திரத்தில் வரும் எட்டு நாகராஜாக்களில் வாசுகியும் தட்சகனும் உண்டு. சீனத்தில் அவர்களுக்கும் லோங்வாங் என்றுதான் பெயர். நம் பக்கத்திலிருந்து போன நாகராஜாவும் கலந்த தெய்வத்தைத் தமிழ் இதழ் ஒன்று அரக்கன் என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'டிராகன்' என்ற சொல் புழக்கத்தில் வந்துவிட்டது, அது இருக்கட்டும். 'அரக்கன்', 'நெருப்பு' இரண்டையும் திருத்தி, அடுத்த சிறுவர் பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். பெரியவர்களுக்கான பக்கத்தில் போட்டால் என் பேத்தி வயதுப் பிள்ளைகள் கண்ணில் படாது.

உங்கள் படத்தை அவளே தாளில் திரும்ப வரைந்திருக்கிறாள். வாயருகே முத்து, கீழே மேகம், மேகத்திலிருந்து நீலக் கோடுகளாக மழை. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தெட்டுத் துளி. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
சிங்கப்பூர்