புள்ளி மட்டும் வச்சா போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகள்ல குழந்தைங்க ஊட்டச்சத்து பத்தி பேச்சு வந்தாலே திட்டம், நிதினு போயிடுது. மாசாமாசம் எடை பாத்து புள்ளி வைக்கிற வளர்ச்சி அட்டைய பத்தி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்ல, அதான் எழுதுறேன்.

எடை போடுற இடத்துல ரொம்ப நாள் பக்கத்துல நின்னு பாத்தவ நான். தொங்குற தராசுல மாட்டுனதும் குழந்தை காலை உதறும், முள்ளு ஆடிட்டே இருக்கும், பின்னாடி வரிசை நீளும், முள்ளு நிக்கிறதுக்குள்ள ஏதோ ஒரு நம்பர நோட்டுல எழுதிட்டு அடுத்த ஆள கூப்பிட்டுருவாங்க. அட்டையில புள்ளி வச்சாலே பெரிய விஷயம், அத போன மாச புள்ளியோட சேத்து கோடு இழுக்குறவங்க ரொம்ப கம்மி.

ஆனா சங்கதியே அந்தக் கோட்டுலதான் இருக்கு. 9 மாசத்துல 8 கிலோ, 10லயும் 8, 11லயும் 8னு நிக்கிற குழந்தை அட்டையில இன்னும் எடை சரினு காட்டுற பச்சைப் பட்டைக்குள்ளதான் இருக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. அதே சமயம் பொறந்ததுலேர்ந்தே ஒல்லியா இருந்து கோடு ஒழுங்கா ஏறிட்டிருக்கிற குழந்தையோட அம்மாவ போட்டு பயமுறுத்துவாங்க! கோடு படுத்துக்கிச்சுனா பேதியோ காய்ச்சலோ சாப்பாடு பத்தாமயோ ஏதோ நடக்குது, உடம்பு இளைச்சது கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடியே அட்டை காட்டிக்கொடுத்துரும். டேவிட் மார்லிங்கிற டாக்டர் நைஜீரியா கிராமத்துல இத கொண்டுவந்ததே இதுக்குத்தான், அட்டை அம்மா கையிலயே இருக்கணும்னும் சொன்னாரு.

பழைய அட்டையில ஒரு வில்லங்கமும் இருந்துச்சு. அது அமெரிக்க குழந்தைங்க, அதுலயும் பெரும்பாலும் புட்டிப்பால் குடிச்சவங்க கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை சில மாசத்துக்கு அப்புறம் அட்டையில அச்சடிச்சிருக்கிற அந்த அளவுக் கோட்ட விட்டு கீழ இறங்குற மாதிரி தெரியும், உடனே பால் பத்தலனு புட்டிய கையில கொடுத்துருவாங்க. 2006ல உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கானு ஆறு நாட்டுல தாய்ப்பால் குடிச்ச குழந்தைங்கள வச்சு புது அளவுகோல் போட்டுச்சு. சரியா கவனிச்சா அஞ்சு வயசு வரைக்கும் எந்த நாட்டு குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளருதுனு அதுல தெரிஞ்சது, அதனால எங்க பக்கத்து குழந்தைங்க குட்டைதாங்கிற சாக்கெல்லாம் இனி வேண்டாம்.

ஒரு தடவை ஒரு அம்மாவையே பென்சில் பிடிச்சு கோடு போட சொன்னோம். கோடு சாஞ்ச இடத்துல விரல வச்சு, யாரும் கேக்காமலே, "இந்த மாசம்தான் பேதி விடாம போச்சு, நானும் பால நிறுத்திட்டேன்"னுச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி