ஜனவரியில் ஒருமுறை வந்து பாருங்கள்

கலிஃபோர்னியாவில் டிரேசி, மான்டீகா, மொடெஸ்டோ பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களுக்கு, வணக்கம்.

நீங்கள் இருப்பது ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ. வீடு மட்டும் இங்கே, மலைக்கு இந்தப் பக்கம், மத்தியப் பள்ளத்தாக்கில். அதைப் பார்க்க நீங்கள் வருவது பெரும்பாலும் ஜூனில், அக்ரிமென்ட் புதுப்பிக்க. வெளியே 40 டிகிரி, புல் காய்ந்து கிடக்கும். அப்போது போய், வாடகைக்கு இருக்கும் நாங்கள் சுவரில் பூசணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் பழைய வீட்டுக்காரர் நம்பவில்லை. "பாலைவனம் மாதிரி ஊர், இங்கே எங்கே ஈரம்? எல்லாம் உங்க இட்லிக் குண்டான் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதே பதிலை இன்னும் இரண்டு குடும்பங்கள் வாங்கியிருக்கின்றன என்று தெரிந்த பிறகுதான் பொதுவில் எழுதலாம் என்று தோன்றியது.

உங்களுக்குத் தெரியாத ஊர் ஒன்று இங்கே நவம்பரில் வருகிறது. முதல் மழை மண்ணை நனைத்ததும், காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, டூலி ஃபாக் என்கிற மூடுபனி இறங்கும். சுற்றிலும் மலை, மேலே மூடி போட்ட மாதிரி சூடான காற்று, அதனால் பனி போக வழியில்லாமல் சில சமயம் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். பிப்ரவரி வரை இதுதான் கதை. வெளிச்சுவர் சில்லென்று இருக்கும், உள்ளே ஹீட்டர் ஓடும், மூச்சும் குளியலும் குக்கர் ஆவியும் போய் எது குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் நீராகப் படியும். பழைய அலுமினியச் சட்டம் போட்ட ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் என்றால் காலையில் துண்டு வைத்துத் துடைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது வடக்குச் சுவரை ஒட்டிய துணி அலமாரிக்குள் நடந்தது. வெயிலே படாத சுவர், காற்றே போகாத மூலை. மக்கிய வாடைதான் முதலில் வந்தது, பட்டுப்புடவையில் புள்ளி விழுந்த பிறகுதான் பெட்டிகளை நகர்த்திப் பார்த்தோம், முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு. வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார், அவர் பிளீச் தெளித்து அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். அடுத்த குளிர்காலத்தில் பெயின்ட் உப்பி உரிந்தது, உள்ளே அதே கறுப்பு. பையனின் இருமலுக்கு இதுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஓதம் ஏறிய வீட்டில் ஆஸ்துமாவும் இருமலும் கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009லேயே விரிவாக எழுதிவிட்டது.

(இடையில் ஒன்று: சிலர் இதையும் வேலி ஃபீவர் என்கிற நுரையீரல் நோயையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கும் காரணம் பூஞ்சைதான், ஆனால் அந்தப் பூஞ்சை வெளியே மண்ணில் இருப்பது, புழுதியோடு மூச்சில் போவது. அலமாரிப் பூசணம் வேறு.)

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பூசணத்தை அப்புறம் பார்க்கலாம். குளிர்காலம் மட்டும் இல்லை, கோடையில் ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் போகலாம். தோட்டத்து ஸ்ப்ரிங்க்ளர் சுவரில் அடிக்கிறதா, குளியலறை விசிறி வெளியே தள்ளுகிறதா, இல்லை கூரைக்குள் விட்டுவிடுகிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள். இதற்கெல்லாம் டார்ச்சும் மூக்கும் போதும். காற்றை எடுத்துச் சோதிக்கிறேன் என்று நூற்றுக்கணக்கில் டாலர் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். இத்தனை இருந்தால் ஆபத்து என்று அரசு வகுத்த அளவே கிடையாது, கண்ணுக்குத் தெரிந்தாலோ வாடை வந்தாலோ அகற்ற வேண்டியதுதான் என்று மாநில சுகாதாரத் துறையே சொல்கிறது. பூசணம் பார்ப்பவருக்கும் அகற்றுபவருக்கும் கலிஃபோர்னியாவில் தனி உரிமமும் இல்லை. அதனால் சோதித்துச் சொல்பவரும் அகற்றிக் காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சுமார் 10 சதுர அடிக்குள் என்றால் நாமே செய்யலாம் என்கிறது மத்திய சுற்றுச்சூழல் முகமை. என்95 முகமூடி, கையுறை, கடினமான பரப்பு என்றால் சோப்புத் தண்ணீர் போதும், பிளீச் எப்போதும் வேண்டும் என்றில்லை. ஆனால் ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகைச் சுவருக்குள் ஊறிவிட்டால் தேய்த்துப் பயனில்லை, அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். குழாய் உடைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவையுங்கள், பூசணம் பிடிக்காமல் தப்பிக்கலாம். பூசணத்தின்மேல் பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

2016 முதல் இந்த மாநிலத்தில், நகராட்சி அதிகாரி கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் பூசணம் இருந்தால் அந்த வீடு சட்டப்படி தரக்குறைவான வீடு. குளியலறை டைலில் லேசாகப் படிவதற்கு விலக்கு உண்டு, அலமாரிக்கு இல்லை. புகார் செய்தார்கள் என்பதற்காக வாடகைக்காரரைக் கிளப்பவும் சட்டம் விடாது. மிரட்டலாகச் சொல்லவில்லை, தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. துணியை உள்ளேயே காயப்போடுகிறோம், பனி உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலைத் திறப்பதே இல்லை. அது தவறான பயம் என்று எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. 5 டிகிரிப் பனிக்காற்று முழுக்க ஈரமாகத் தெரிந்தாலும் அதில் இருக்கும் நீர் கொஞ்சம்தான், உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 40 சதவீதம் பக்கம் இறங்கிவிடும். தினமும் பத்து நிமிடம் திறந்தால் போதும், இப்போது நாங்கள் திறக்கிறோம். ஆனால் பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி ஆவியைத் திரும்ப அடுக்களைக்குள்ளேயே விடுகிறது, அதற்கு வெளியே போகும் குழாய் போட வேண்டியது நீங்கள்.

அடுத்த முறை ஜூனில் வராமல் ஜனவரியில் வாருங்கள், காலை எட்டு மணிக்கு. அலமாரிப் பெட்டிகளை நானே நகர்த்தி வைக்கிறேன். ஆல்டமான்ட் கணவாய் இறங்கினதும் முன்னால் போகிற வண்டி தெரியாது, மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள்.